கேட்டில் ஒரு நிமிஷம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவனை வீட்டைவிட்டுக் கிளப்புவது லேசான வேலை இல்லை, மேடம். அதைத்தான் நான் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். வாரநாளில் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுவேன். ஆங்கர்ஸ் ஃபுட்பால் கிளப்புக்கு நம்ம கிரவுண்டில் மேட்ச் இருந்தால், முன்தினம் அதே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போவேன். மேட்ச் அன்று கேட்டில் நின்று டிக்கெட் கிழிப்பேன். பரசுராமன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மைக் பரசு என்று கேட்டால் காசிமேட்டில் மீன் வெட்டுகிற அம்மாகூட வழி சொல்லும்.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு காலத்தில் கூட்டம் அப்படி வரும். ஹார்பரில் ஷிஃப்ட் முடித்தவர்கள் யூனிஃபார்மோடு வருவார்கள். சாயங்காலப் பூசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று ஃபாதரிடம் ஆள் போகும். சாத்தாங்காட்டு இரும்புக் கடைக்காரர்கள் சேர்ந்து கொடுத்த பைப்பில்தான் கிழக்கு கேலரியைக் கட்டினார்கள். எல்லாரும் ஒன்றாகக் குதித்தால் அது ஆடும். அந்த ஆட்டத்தை உள்ளங்காலில் வாங்கியவனுக்குத்தான் நான் சொல்வது புரியும்.

பிறகு ஒவ்வொரு சீசனாகக் குறைந்தது. வெயில் என்றார்கள், டீம் தோற்கிறது என்றார்கள். ஜெயித்தபோதும் வரவில்லை. வந்த பையன்களும் கேலரியில் உட்கார்ந்து போனில் இங்கிலாந்து மேட்ச் பார்த்தார்கள். அந்த ஊர் கிளப்பில் எவனுக்கு முட்டியில் அடி என்று தெரிகிறது. எதிரே நிற்கிற நம்ம கோல்கீப்பர் பேர் தெரியவில்லை. எனக்கு வயிறு எரியும். மைக்கை அவன் காதிலேயே வைத்துக் கத்தலாமா என்றிருக்கும். கத்தியதில்லை. நான் பொதுவாகப் பொறுமையான ஆள்.

போன சீசன் ஆரம்பத்தில் கிளப் மேனேஜர் சங்கரநாராயணன் எங்களைக் கூப்பிட்டு விஷயத்தைப் போட்டு உடைத்தார். கிளப்பை நடத்துகிற கம்பெனிக்காரர்கள் கடைசி ஹோம் மேட்சைப் பார்க்க மும்பையிலிருந்து வருகிறார்கள். அன்றைக்குக் கேலரி காலியாக இருந்தால், அடுத்த சீசன் கிளப் கோயம்புத்தூருக்குப் போய்விடும். பேரும் மாறும், ஜெர்சி கலரும் மாறும்.

அதைக் கேட்டபோது சாவியோ என் பக்கத்தில் நின்றிருந்தான். கேலரியில் ட்ரம் அடிக்கிறவன். ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். என் தோஸ்து. என் பெண்டாட்டி என்னைவிட்டுப் போனபோது ஒரு மழைக்காலம் முழுக்கத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவன். அவன் மனைவி ஜூடி, குழம்பில் மீன் தலையை எனக்கென்று எடுத்துவைக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவனை வெறுத்தேன் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய்.

"டீமைத் தூக்கினு பூட்டா, ஞாயித்துக்கெயமைல நாம இன்னா மாமு பண்றது?" என்று கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, மேடம். கேலரி ஆள் யார் செத்தாலும் சவ வண்டி கிரவுண்ட் கேட்டில் ஒரு நிமிஷம் நிற்கும். இந்து, கிறிஸ்தவர், பாய், எல்லாருக்கும் அதுதான். உள்ளே ட்ரம் அடிப்பார்கள். அப்புறம்தான் வண்டி கல்லறைக்கோ சுடுகாட்டுக்கோ போகும். அடுத்து வரும் ஹோம் மேட்ச் செத்தவர் பேரில் நடக்கும். அந்த மேட்சுக்கு வராதவன் சாவு வீட்டுக்கே வராதவன் மாதிரி. மறுநாள் தெருவில் அவனிடம் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

சீசன் நடுவில் லூர்து மாமா போனார். பழைய கோல்கீப்பர். சர்க்கரை வியாதி, வயசும் ஆகிவிட்டது. அவர் சாவை மைக்கில் சொல்லிக்கொண்டு போனது நான்தான். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மேட்ச் என்று கூவினால் ஒரு ஜன்னல்கூடத் திறக்காது. 'நம்மை விட்டுப் பிரிந்த' என்று ஆரம்பித்தால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருகிறார்கள். அந்த வாரம் கேலரி நிரம்பி, மதில் மேலும் ஆள். சங்கரநாராயணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கடைசி மேட்சுக்கும் இதே மாதிரி வந்தா டீம் எங்கேயும் போகாது பரசு," என்றார். அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. அவரை இதில் இழுக்காதீர்கள்.

அதற்கு அடுத்த மேட்சில் பழைய கதைதான். காக்காய் உட்கார்ந்திருந்தது.

திட்டம் போட்டாயா என்று கேட்பீர்கள். இல்லை. யாரையும் கொல்லவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. யாராவது சாக மாட்டார்களா என்று நினைத்தேன், அவ்வளவுதான். நினைப்பதற்குத் தண்டனை கிடையாது. கேலரியில் வயசானவர்கள் சிலர் உண்டு. அவர்கள் இருமினால் காது கொடுத்துக் கேட்பேன். எங்கே போனாலும் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பேன். பரசுவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று பேர் வந்தது. ஆனால் எல்லாரும் அந்த மாசம் நன்றாகவே இருந்தார்கள்.

கடைசி மேட்ச் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் சாவியோவும் கேலரியில் பேனர் கட்டிக்கொண்டிருந்தோம். அவன் திடீரென்று படியில் உட்கார்ந்துவிட்டான். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது.

"மாமு, நெஞ்சு ஒரு மாரி கீது. கைய இஸ்துகினு போவுது."

கிரவுண்டுக்குத் தண்ணீர் விடுகிற பாலகணேஷ் ஓடி வந்தான். "அண்ணா, நூத்தியெட்டுக்குப் போன் போடட்டா?" என்றான்.

"வாணாம்டா. அது வர்றதுக்குள்ள நான் ஆஸ்பத்திரில உட்டுடுவேன்," என்றேன். அதைச் சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவனைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தோம்.

கேட்டைத் தாண்டினால் இரண்டு வழி. சோத்தாங்கைப் பக்கம் போனால் ஹை ரோடு. மத்தியானத்தில் காலியாக இருக்கும், கண் மூடித் திறப்பதற்குள் ஆஸ்பத்திரி. பீச்சாங்கைப் பக்கம் போனால் கடலோரமாகப் போகிற எக்ஸ்பிரஸ் ரோடு. அங்கே ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நடுவில் மாட்டினால் ஆட்டோ முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அன்றைக்குக் காலையிலிருந்து வரிசை நகரவே இல்லை என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். உயிருக்கு அவசரம் என்றால் அந்த ரோட்டை எடுக்கக் கூடாது என்று திருவொற்றியூரில் பால் வாங்கப் போகிற பிள்ளைக்கும் தெரியும். ஆட்டோக்காரனுக்குத் தெரியாதா?

நான் கேட்டில் வண்டியை நிறுத்தினேன். கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். லூர்து மாமாவுக்கே அவ்வளவு பேர் வந்தார்கள், சாவியோவுக்கு எவ்வளவு பேர் வருவார்கள் என்று தோன்றியது. தோன்றியதை மறைக்க மாட்டேன். பீச்சாங்கைப் பக்கம் திருப்பினேன்.

"இன்னா மாமு, இந்தாண்ட இட்டுகினு போற? கண்டெய்னர் நிக்குமே," என்றான்.

"அந்தாண்ட ரோட்டைத் தோண்டிப் போட்டுகீறானுங்க," என்றேன்.

நம்பினான். அவன் நான் எது சொன்னாலும் நம்புவான்.

இரண்டு கண்டெய்னருக்கு நடுவில் நுழைந்து நின்றேன். பின்னாலும் லாரி வந்து அடைத்துக்கொண்டது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்சீட்டுக்குப் போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார். ஹிந்திக்காரர், நல்ல மனுஷன். முன்னால் ஓடி ஓடி ஒவ்வொரு லாரியாகத் தட்டி ஒதுங்கச் சொல்லிப் பார்த்தார். எங்கே வழி விட்டுவிடுவார்களோ என்று எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. விடவில்லை.

"ஞாயித்துக்கெயமை ட்ரம்மை வெயில்ல வையி மாமு. தோலு தொங்கிகினு கீது," என்றான் சாவியோ. அப்புறம் அவன் பேசவில்லை. நான் அழுதேன். அந்த டிரைவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நடிப்பு இல்லை மேடம்.

சனிக்கிழமை காலையில் மைக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, ஒரு சந்து விடவில்லை. சாவையும் சொன்னேன், மேட்சையும் சொன்னேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உடைந்த இடத்தில் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் சவ வண்டி கேட்டில் நின்றபோது ரோடே தெரியவில்லை, தலைதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ட்ரம்மை எடுத்து வெயிலில் வைத்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அன்றைக்குக் கேலரி ஆடியதே ஒரு ஆட்டம், என் ஜென்மத்தில் அப்படிப் பார்த்ததில்லை. மும்பைக்காரர்கள் எழுந்து நின்று போட்டோ எடுத்தார்கள். கோல் யார் போட்டது என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. ஆட்டம் முடிந்து சங்கரநாராயணன் வந்து, கிளப் இங்கேயே இருக்கும் என்று சொன்னார். நான் கேட்டுக்குப் பின்னால் போய் நின்று, "சாவியோ, ஜெயிச்சிட்டோம்டா," என்றேன்.

ஜூடி நாற்பதாம் நாள் பூசைக்கு என்னைக் கூப்பிட்டது. முன்வரிசையில் உட்கார வைத்தது. "உன் மடியில தாண்ணா அதோட உசுரு போச்சு. வேற யாரு மடியிலனா போயிருந்தா என் மனசு ஆறாது," என்று சொல்லி அந்த ட்ரம்மை என்னிடமே கொடுத்துவிட்டது. வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னால் மரியாதை இல்லை. அன்றைக்கும் மீன் தலையை எனக்குத்தான் எடுத்துவைத்திருந்தது.

நான் செய்த ஒரே தப்பு என்னவென்றால், ஒருதடவை வந்து ருசி பார்த்தவர்கள் மறுபடியும் வருவார்கள் என்று நம்பியதுதான். இந்த சீசன் முதல் மேட்சுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும் நீங்கள். வெறும் பைப். ரெண்டாவது மேட்சும் அப்படியே. ஒருத்தன் உயிரையே கொடுத்திருக்கிறான், இவர்களுக்கு ஒரு சாயங்காலம் கொடுக்க மனசு வரவில்லை. நன்றி கெட்ட ஜனங்கள் மேடம். யார் கொலைகாரன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

யாரும் புகார் கொடுக்காதபோது நீயாக எதற்கு வந்தாய் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். மனசாட்சிதான். வேறு என்ன இருக்கப்போகிறது? ஆனால் தயவுசெய்து தாமதம், அஜாக்கிரதை என்றெல்லாம் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் பேப்பரில் ஒரு மூலையில் வரும், யாரும் படிக்க மாட்டார்கள். கொலை என்றே எழுதுங்கள். நான் தெரிந்துதான் திருப்பினேன். சாவியோவை நான்தான் கொன்றேன்.

எப்படியும் சம்பவ இடத்தை அடையாளம் காட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போவீர்கள். அதைச் சனிக்கிழமை முடித்துவிடாதீர்கள், வீணாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். விலங்கு போட்டே கூட்டிக்கொண்டு போங்கள், ஜீப்பில் வேண்டாம், திறந்த வண்டியாக இருந்தால் நல்லது. முந்தின நாளே சொல்லிவிட்டால் ராயபுரமே திரண்டு வரும், என்னைக் காறித் துப்பவாவது வரும். ஜூடியும் வரும். மேட்ச் நாலு மணிக்கு. மூன்றரைக்கு வண்டியைக் கேட்டில் ஒரு நிமிஷம் நிறுத்தினால் போதும், மேடம்.