மாப்பிள்ளையின் மஞ்சள் விளக்கு

காரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் பதற வேண்டாம் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன், சார். பாதி நேரம் பெட்ரோல் மூடியைச் சரியாக மூடியிருக்க மாட்டார்கள்.

என் தங்கச்சி வீட்டுக்காரரிடம் அப்படியெல்லாம் சொல்ல முடியாது. அவர் கல்லூரியில் பாடம் எடுத்தவர். எனக்குக் கையெல்லாம் கிரீஸ். குழாய் ஒழுகுவதிலிருந்து உலகப் போர் வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருக்கும். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வாங்கி, காரில் செருகி, கோளாறு எண்ணைப் போனில் படித்துக்கொண்டேதான் என் பட்டறைக்குள் நுழைந்தார்.

பானட்டைத் தூக்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் நகக்கண் அளவு விரிசல், சுற்றிலும் கரி. அதன் வழியே புகை காருக்குள்ளும் கசியும், வெளிக்காற்றும் புகுந்து ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும். சென்சார் பாவம், கண்டதைச் சொல்கிறது. அரைமணி நேர வெல்டிங் வேலை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மச்சான், ஆக்சிஜன் சென்சார் போச்சு. நீங்க மாத்துங்க, போதும். யோசிக்கிற வேலைய நான் முடிச்சிட்டேன்."

காத்திருந்த டிரைவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு சென்சாரை மாற்றினேன். வாடிக்கையாளர் சொன்னதைச் செய்வது குற்றம் என்றால் ஊரில் பாதிப் பட்டறைகளை இழுத்து மூட வேண்டியதுதான்.

பத்தே நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. நான் போலிச் சரக்கை மாட்டிவிட்டேன் என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். இன்னொரு சென்சார் மாட்டினேன். கார் ஓட்டினால் தலை வலிக்கிறது என்றார். அதற்கும் காரணத்தை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார், பழைய மூக்குக்கண்ணாடியாம், மாற்றியும் விட்டார். புதுக் கண்ணாடி அவருக்கு எடுப்பாகத்தான் இருந்தது. வெளியே ஒரே தூசி, ஜன்னலை ஏற்றிவிட்டு ஏசி போட்டு ஓட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன். என் பேச்சை அவர் மதித்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கச்சியும் அந்தக் காரில்தான் வேலைக்குப் போவாள். நீ உட்காரும் பக்கம் சீட் பெல்ட் பூட்டு சரியில்லை, கொஞ்ச நாள் பஸ்ஸில் போ என்றேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. சொல்வதற்கு முன்பே பூட்டைக் கழற்றி வைத்திருந்தேன். அதைத்தான் அவள் ஸ்டேஷனில் உங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

சனிக்கிழமை பட்டப்பகலில், வளைவே இல்லாத ரோட்டில், மாப்பிள்ளை காரோடு போய் சுவரில் மோதினார். புது மூக்குக்கண்ணாடி மட்டும் கீறல் இல்லாமல் கிடைத்தது.

நேற்று தங்கச்சி வந்து, "உனக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளிடம் சொல்லாதது ஒன்று பாக்கி இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை மூன்றாவது தடவையாக வந்தார். பட்டறையில் வேறு யாரும் இல்லை. கையில் அந்தக் கருவியும் இல்லை. முகம் வெளுத்துப்போய், ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"மச்சான், எனக்கு ஒண்ணும் புரியல. என்னன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

எனக்கு நெஞ்சே நிறைந்துவிட்டது, சார். வெல்டிங் மெஷின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் கோளாறு எண்ணை அழித்து விளக்கை அணைத்தேன். இப்போதைக்கு ஓட்டுங்கள் மாப்பிள்ளை, திங்கட்கிழமை வாருங்கள், நிதானமாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

இன்னும் ஒரே ஒரு தடவை கேட்கட்டும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை என்றால் அந்த டிரைவர்கள் இரண்டு பேரும் இருப்பார்கள்.