தொண்ணூத்தி நாலு போதும்

நாலு இருவது. மூணாவது ஆளு. பேரு ஸ்ரீநாத். சரிதானே? எழுதிட்டேன். இல்லப்பா, உன் மேல கம்ப்ளெய்ண்ட் பண்றதுக்கில்ல. யாரு வந்தா, எப்ப வந்தா, என்ன சொன்னான்னு எழுதி வெக்கிறது என் பழக்கம். உக்காரு. அந்த சேர்ல வேணாம், அது வால்டரோடது, எங்க வீட்டுக்காரரோடது. குஷன் அமுங்கியிருந்தா யாரு வந்தான்னு கேப்பாரு. இதுல உக்காரு. பையிலேருந்து எதையும் எடுக்காத. எடுத்ததையும் உள்ள வை.

வைஃபை பொட்டிய மாத்த மாட்டேன். மொதல்லயே சொல்லிடுறேன். அப்புறம் ஆன்ட்டி அரை மணி நேரம் உக்கார வெச்சு காப்பி குடுத்துட்டு முடியாதுன்னுட்டாங்கன்னு ஆஃபீஸ்ல போய் சொல்லக் கூடாது பாரு. காப்பி குடுப்பேன். பொட்டிய குடுக்க மாட்டேன்.

தெரியும்ப்பா. பழசுதான். ஜன்னல் பக்கத்துல பச்ச விளக்கு மினுக்குது பாரு, அதுதான். பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு ஆன்டெனா ஒடஞ்சு டேப் சுத்தியிருக்கு. பின்னாடி ஒயர் சொருகுற ஓட்டை நூறுக்கு மேல விடாது. அதனால நீங்க முன்னூறு ஸ்பீடுல அனுப்புனாலும் இது தொண்ணூத்தி நாலுதான் குடுக்கும். அதுவும் ஒயர்ல. வைஃபைன்னா இந்த ஹால்ல நாப்பது, பெட்ரூம்ல இருவத்தி ரெண்டு, சமையக்கட்டுல பதினொண்ணு. எல்லாம் நானே போன வெச்சு டெஸ்ட் பண்ணது. நோட்டுல இருக்கு, பாக்குறியா? பாக்க வேணாமா. சரி.

தாங்குமான்னு நீ கேக்கவே வேணாம். தாங்காது. நானே சொல்றேன். தாங்காது. அதுக்கு என்ன இப்போ?

இன்னாம்மா இப்டி பேசுறீங்கன்னா, வேற எப்படிப் பேசுறது? இந்த வீட்டுல இருக்கறது ரெண்டே பேரு. அவருக்கு எழுவத்தி நாலு, எனக்கு அறுவத்தி எட்டு. காலையில அவரு யூடியூப்புல பூசை பாப்பாரு, ராத்திரி நியூஸ் பாப்பாரு. நான் கரண்ட் பில்லு கட்டுவேன். முன்னூறு வாங்கி என்ன பண்றது, ஊறுகா போடுறதா?

நாங்க கேக்கல. எம் பையன் கேட்டான். ஸ்டீவ், தோஹாவில இருக்கான். வீடியோ கால்ல அப்பா மூஞ்சி கட்டம் கட்டமா தெரியுதாம். அங்கேருந்தே ஆன்லைன்ல பிளானு மாத்திட்டான். என்ன ஒரு வார்த்த கேக்கல. வால்டருக்கு ஒரே சந்தோஷம், மகன் முன்னூறு போட்டுட்டான்னு கோயில் பங்கு முழுக்க சொல்லியாச்சு. செப்டம்பர்ல ஒருத்தன் வந்தான். அவன் கொண்டாந்த கேபிள் நெஜமாவே சின்னது, அதையே சொல்லி அனுப்பிட்டேன். அக்டோபர்ல ஒருத்தன் வந்தான், ஒசரமா. அவன் நேரா போய் ஒயர புடுங்கப் பாத்தான். நான் முன்னாடி போய் நின்னுட்டேன். ஆமா, இந்த ஸ்டூல போட்டு அது மேல உக்காந்துட்டேன். கெழவிய தூக்கவா போறான்? போய்ட்டான். இப்ப நீ.

வாங்கினது யாரா? எம் பொண்ணு. அவ காலேஜ் முடிச்சு மொத சம்பளத்துல ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிட்டு வந்து அவளே மாட்டுனா. ம். ஒரு பையன், ஒரு பொண்ணு. இல்ல, ஃபாரின்ல இல்ல. இங்கதான், பட்டினப்பாக்கம். நீ பொட்டியப் பத்திப் பேசு.

அட, ஞாபகார்த்தமா வெச்சிருக்கேன்னு நெனச்சியா? அப்படின்னா துணி போத்தி அலமாரியில வெச்சுக்க மாட்டேனா? நீ புதுச மாட்டிட்டுப் போ, இத நான் உள்ள வெச்சுக்கறேன்னு சொல்ல எனக்குத் தெரியாதா? இது ஓடணும். இந்த ஜன்னல் ஓரத்துல, இப்படியே ஓடணும்.

இரு, பாலு பொங்குது.

இந்தா. சக்கர கம்மிதான், அவருக்கு சுகரு, அதே கைப்பக்குவம் வந்துடுச்சு.

பாத்தியா, அவரு போன் அடிக்குது. எடுத்துட்டுப் போக மாட்டாரு. வெள்ளிக்கெழமையானா நாலரைக்கு வின்சென்ட் தே பால் சபை கூட்டம், கோயில்ல. ஏழைங்களுக்கு அரிசி குடுக்கறதப் பத்திப் பேசிட்டு ஆறரைக்கு வருவாரு. அங்க போன் அடிச்சா ஃபாதருக்கு ஆகாதுன்னு இங்கயே வெச்சுட்டுப் போவாரு. ஓடிபியா? நீதான் அனுப்புனியா? ஆறு நம்பரு வந்திருக்கு. தெளிவா தெரியுது. சொல்ல மாட்டேன்.

உன் டிக்கெட்டு குளோஸ் ஆகாதுன்னா ஆகாதுதான். கஸ்டமர் ரெஃப்யூஸ்டுன்னு போடு. அப்படி ஒரு கட்டம் உங்க ஆப்புல இருக்கு, போன தடவ வந்தவன் அழுத்துனான், நான் பாத்தேன். உன் தப்பில்லன்னு வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நல்ல கையெழுத்து. முப்பத்தி ஏழு வருஷம் டெலிபோன்ஸ்ல இருந்தவ நான். ட்ரங்க் போர்டுல ஆரம்பிச்சேன். நீ பொறக்கறதுக்கு முன்னாடி திருச்சிக்குப் பேசணும்னா எங்கள்ல ஒருத்தி ஒயரு சொருகணும். அதனால என்கிட்ட வந்து சிக்னல்னா என்ன, லைன்னா என்னன்னு கிளாஸ் எடுக்காத.

அதே பேரு, அதே பாஸ்வேர்டு புதுசுலயும் போட்டுத் தர்றியா? தெரியும்ப்பா. அக்டோபர் ஆளும் சொன்னான். அப்படிப் போட்டா பழைய போனெல்லாம் தானா புடிச்சுக்கும், நம்ம ஒண்ணும் தொட வேணாம். அது எனக்குப் பிரச்சனையில்ல. ஆனா புதுப் பொட்டிக்கு ஒரு ஆப்பு இருக்குல்ல? ஆமா, அதேதான். யாரு போன் கனெக்ட் ஆனாலும் பேரோட சொல்லும். டிங்குன்னு. யாருக்கு சொல்லும்? கனெக்‌ஷன் யாரு பேர்ல இருக்கோ அவருக்கு. வால்டருக்கு. என் நம்பருக்கு மாத்தணும்னா அவரு ஆதாரும் கையெழுத்தும் வேணும். எதுக்குடீன்னு கேப்பாரு. நான் பொய் சொல்றதில்ல. அங்கதான் மாட்டிக்கிச்சு.

இதுல அந்த வம்பு இல்ல. இதுக்குள்ள ஒரு பேஜ் இருக்கு. நம்பரு அடிச்சு உள்ள போனா, இப்ப யாரு யாரு போன் ஒட்டியிருக்குன்னு லிஸ்டு வரும். பேரு, எப்ப வந்துச்சு, பக்கத்துல சிக்னல் கோடு. அத நான் ஒருத்திதான் பாப்பேன். வால்டருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.

அதுல ஒரு பேரு வரும். வெள்ளிக்கெழமைல, அஞ்சு நாப்பது, அஞ்சு நாப்பத்தஞ்சுக்கு. நாலு நிமிஷம் இருக்கும். போய்டும்.

ஜொவிட்டா.

ஆமா, பொண்ணுதான். கீழ கேட்டுக்கிட்ட வந்து நிப்பா போல. எதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? பாக்க முடியாது. கீழ்வீட்டு ராஜரத்தினம் காருக்கு தகரக் கூரை போட்டு கேட்ட மறைச்சுட்டாரு. நானும் ஜன்னல்ல தொங்கிப் பாத்தாச்சு, தகரம்தான் தெரியுது. ஆனா அவ போனுக்கு இந்தப் பொட்டி தெரியும். அது பாட்டுக்கு ஒட்டிக்கும். அவளுக்கே தெரியுமோ என்னமோ.

மேல வரலாமேன்னா? நல்லா கேட்ட. ரெண்டாயிரத்தி இருவத்தி மூணு ஜூன்ல அவ பாரத்த கல்யாணம் பண்ணிக்கிட்டா. ரிஜிஸ்டர் ஆஃபீஸ்ல. எங்க தெருவுக்கு மீன் கொண்டு வர கெங்கம்மாவோட பையன். நல்ல பையன், டிப்ளமோ படிச்சிட்டு ஏசி சர்வீஸ்ல இருக்கான். முப்பது வருஷம் வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை கெங்கம்மா கிட்ட வஞ்சிரம் பேரம் பேசுனவரு எங்க வீட்டுக்காரரு. கையி நல்ல கையிம்பாரு. அந்தக் கையி பெத்த புள்ள ஆகாதாம். கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காத கல்யாணம் கல்யாணமே இல்லையாம். ஜூலையில நெஞ்சு வலி, பைபாஸ். தியேட்டருக்குள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி என் கையில ஜெபமாலையக் குடுத்து சத்தியம் வாங்குனாரு. போன் பண்ண மாட்டேன். தேடிப் போக மாட்டேன். அவளுக்கு இந்தக் கதவத் தொறக்க மாட்டேன். மூணு.

பண்ணிட்டேன். அந்த நேரத்துல வேற என்ன சொல்ல முடியும்? ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்துல ஓடிக்கிட்டே சொன்னேன்.

செல்லாதுன்னு பங்கு ஃபாதரே சொன்னாரு. பயமுறுத்தி வாங்குன சத்தியம் கடவுளுக்கு வேணாம்மா, நான் அவுத்து விடறேன்னாரு. நான் வேணாம்னுட்டேன். சொன்னது என் வாயி ஃபாதர், நீங்க எப்படி அவுப்பீங்கன்னு கேட்டேன். சிரிச்சாரு. நீயும் சிரிக்காத. ரெண்டு வருஷம் நாலு மாசமா நான் போன் பண்ணல. மெசேஜும் இல்ல. அவளும் பண்ணல, ரோஷம், எம் பொண்ணாச்சே. ஆனா லிஸ்டு பாக்க மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணல. அவரு கேக்கல, நான் சொல்லல. போர்டுல எங்களுக்கு அதுதான் ரூலு. அவங்க பேசறத கேக்கக் கூடாது. வெளக்கு எரியுதான்னு பாக்கலாம்.

இப்ப புரியுதா, புதுசு மாட்டுனா என்ன ஆகும்னு? கூட்டம் முடிஞ்சு வந்து கண்ணாடியப் போட்டுக்கிட்டு போன எடுப்பாரு. ஜொவிட்டா கனெக்டட்னு இருக்கும். அடுத்த நாளு பாஸ்வேர்டு மாத்தச் சொல்லி உன்னத்தான் கூப்புடுவாரு. நீயும் வந்து மாத்துவ. உன் வேல அது.

இன்னொண்ணு கேளு. ஆகஸ்ட் இருவத்தி ரெண்டு வந்தா. அதுக்கப்புறம் வரல. ஒரு வாரம், ரெண்டு வாரம், பத்து வாரம் வரல. அந்த நேரத்துலதான் உங்க மொத ஆளு புதுப் பொட்டியத் தூக்கிட்டு வந்தான். அவன் கிட்ட சரின்னு சொல்லியிருந்தேன்னு வை. அப்புறம் லிஸ்டுல பேரு இல்லன்னா நான் என்னன்னு நெனக்கிறது? அவ வரலையா, அவ வந்தும் புதுப் பொட்டி கேட்டு வரைக்கும் எட்டலையா? நீ சொல்லு. படிச்சிருக்கியே, சொல்லு. எப்படிக் கண்டுபுடிப்பேன்? வரலன்னா வரலன்னு எனக்கு சரியா தெரியணும். அதுக்கு இந்தப் பொட்டி வேணும். முன்னூறு யாருக்கு வேணும்?

ஸ்டீவ் கிட்ட நான் பேசிக்கறேன். அப்பா மூஞ்சி கட்டம் கட்டமா தெரிஞ்சா டிக்கெட்டு எடுத்துக்கிட்டு நேர்ல வந்து பாருடான்னு சொல்றேன்.

கெளம்புறியா. சரி. டம்ளர அங்கயே வை, நான் கழுவிக்கறேன். மணி என்ன, அஞ்சு இருவதா? ஒரே ஒரு ஒத்தாச பண்ணு. வெளிய போறப்ப கதவ நீதானே தொறப்ப? தொற. சாத்தாத. அப்படியே விட்டுட்டுப் போ.

கொசு வந்தா வரட்டும். தொறக்க மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். நீ தொறந்து விட்ட கதவ நான் ஓடி வந்து சாத்துவேன்னு யாருக்கும் சொல்லல. வால்டர் வந்து கேட்டா அதையே சொல்வேன். நேரா மூஞ்சியப் பாத்து சொல்வேன். கத்தட்டும். பைபாஸ் பண்ணவருதான், ஆனா கூட்டத்துல கணக்கு வழக்குல சண்டைன்னா நெஞ்சு நல்லாத்தான் இருக்கு.

இல்லப்பா, கீழ போய் அவள ஒண்ணும் கேக்காத. கூப்புடாத. யாரையும் அனுப்பி கூப்புடறதும் தேடிப் போறதுதான். நீ பாட்டுக்கு வண்டிய எடுத்துட்டுப் போ.

வருவாளா, மேல ஏறி வருவாளான்னு எனக்கு எப்படித் தெரியும்னா கேக்குற? கேட்டுக்கிட்ட நின்னா ஒரு கோடு. மாடிப்படி திருப்பத்துல ரெண்டு. இந்தக் கதவுக்கு வெளிய, நீ செருப்பு விட்ட எடத்துல நின்னாத்தான் நாலு. நானே போன வெச்சுக்கிட்டு ஏறி எறங்கிப் பாத்திருக்கேன். போன வாரம் நாலு கோடு வந்துச்சு. நான் அவரு சேர்ல உக்காந்திருந்தேன். பெல்லு அடிக்கல. நான் எந்திரிக்கல. நவம்பர் ஏழு, வெள்ளிக்கெழம, அஞ்சு நாப்பத்தி மூணுலேருந்து அஞ்சு அம்பத்தி நாலு வரைக்கும் எம் பொண்ணு அந்தக் கதவுக்கு வெளிய நின்னா.