பிரதமர்கள் சிரித்த படம்

தேர்தல் முடிந்து புதுப் பிரதமர் பதவியேற்ற வாரம். மண்ணரை வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் கணவரின் செய்தித்தாளைப் பிடுங்கினார்.

“பழைய பிரதமரும் புதுசா வந்தவரும் கையப் புடிச்சுட்டுச் சிரிக்கறாங்க, பாத்தீங்களா?”

“அதுக்கென்ன புள்ள?”

“அதுக்கென்னவா? நாட்டையே கெடுத்துட்டாருன்னு ஊரூராத் திட்டிப்போட்டு, இன்னைக்குப் பெரிய மனுசருங்கறாங்க. இவங்களுக்காக எங்கண்ணனை ஊட்டுப்படி ஏறாதேன்னு சொன்னீங்களே!”

“உங்கண்ணனும் வாய் பேசுனாருல்ல?”

“அவங்களே சேந்துக்கிட்டாங்க. உங்களுக்கு மட்டும் என்னங்க ரோசம்?”

மண்ணரையில் பஸ் நின்றது.

“நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போறனுங்க” என்று அவர் விறுவிறுவென இறங்கிவிட்டார்.

கணவர் சட்டென எழுந்தார். கண்டக்டரைப் பார்த்துக் கத்தினார்: “விசில் ஊதாதீங்க, நானும் இறங்கோணும்!”