இல்லாத எழுத்தைப் போடாதவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பதிவாளர் அவர்களே, கலைப்புல முதல்வர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி எல்லோரையும் அழவைத்துவிட்டு அமர்ந்திருக்கும் வரலாற்றுத் துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒருமுறைகூட அதைக் கண்ணுக்குக் கொண்டுபோகாத, மறைந்த அம்மாவின் கணவர் அவர்களே, ஆளுக்கொரு வேலையிலிருந்து விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் பழைய மாணவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் லத்தீன் வாத்தியார். மறைந்தவர் கிரேக்கம். பழைய கிரேக்க ரோமானிய உலகத்தைப் படிப்பதற்கு இங்கே ஒரு துறை உண்டு என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தத் துறை என்பது நாங்கள் இரண்டு பேர். இப்போது ஒருவன்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரஷ் மேடம். ஏன் அந்தப் பெயர்? அவர் கைப்பையில் எப்போதும் ஒரு பெரிய பிரஷ் இருக்கும். வெள்ளையடிக்கப் போகிறவர் கையில் இருப்பது போன்ற பிரஷ். ஆய்வுப் பயணமாகக் கடல் கடந்து போன இடங்களில் ஈராயிரம் ஆண்டுப் பழைய கிரேக்கக் கல்லறைக் கல் ஒன்று கிடைத்தால், தடித்த தாளை நனைத்து அதன்மேல் விரித்து, அந்தப் பிரஷ்ஷால் அடி அடியென்று அடிப்பார். தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கும். காய்ந்ததும் உரித்தெடுத்தால் கல்லில் இருந்தது அப்படியே தாளில் புடைத்து நிற்கும். இதற்குத் தாள் அச்சு என்று பெயர். கண்ணால் படிப்பதைவிட விரலால் தடவிப் படிப்பது நல்லது என்பார். வெயிலில் நின்று அடித்து அடித்து அவருடைய வலது தோள் இடது தோளைவிடச் சற்று இறங்கியே இருக்கும். கவனித்திருப்பீர்கள்.

இப்படிப்பட்ட ஒருவர் எப்படிப் போனார்? காலையில் இங்கே வகுப்பு. பிற்பகலில் ஊரின் மறுகோடியில் இருக்கும் தனியார் கல்லூரியில் வகுப்பு. நடுவே பேருந்தில் மதியச் சாப்பாடு. அந்தப் பேருந்தில்தான் போனார். மடியில் டப்பா திறந்தபடி இருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து நடத்துநர் கடைசி நிறுத்தம் வரை எழுப்பவில்லை. நல்ல மனிதர். அசதியில் தூங்கும் வாத்தியாரம்மாவை எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

இந்தப் படிப்பைப் படித்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்று வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். நான் சொல்கிறேன். முதலில் முனைவர் பட்டம். பிறகு ஓராண்டு ஒப்பந்தம். பிறகு வேறொரு ஊரில் இன்னொரு ஓராண்டு ஒப்பந்தம். பிறகு மணிக்கணக்கு விரிவுரையாளர். பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா, வீடு மாறலாமா, தலைவலிக்கு மருத்துவரைப் பார்க்கலாமா என்பதையெல்லாம் அடுத்த பருவத்தின் கால அட்டவணை முடிவு செய்யும். இவரும் இவர் கணவரும் வேலை நிரந்தரமாகட்டும் என்று பிள்ளையைத் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்டதுதான் நிரந்தரமாயிற்று. ஐயா, நீங்கள் மன்னிக்க வேண்டும், இதை இந்த மேடையில் சொல்லக் கூடாதுதான். சொல்லாமல் விட்டால் இன்று நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

ஒரே ஒரு முறை அவருக்கு நிரந்தர வேலை கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. அந்தக் கதையை நீங்கள் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். முழுதாகக் கேளுங்கள்.

நேர்காணல். தேர்வுக் குழுத் தலைவர் எங்கள் படிப்புலகின் பெரிய மனிதர், இப்போது அவரும் இல்லை. அவரைப் பெரிய மனிதராக்கியது ஒரு கல். ஒரு தகப்பன் தன் மகளுக்கு நட்ட கல்லறைக் கல். 'வழியே போகிறவனே, நில். இங்கே என் மகள் இருக்கிறாள்' என்று கிரேக்கத்தில் தொடங்கும். அதற்குக் கீழே கல் உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று அந்தப் பெரியவர் யோசித்து, 'நான் இருக்கும்வரை இவளும் இருப்பாள்' என்று ஒரு வரியை இட்டு நிரப்பினார். கல்லில் இல்லாத எழுத்தை நாமாகச் சேர்த்தால் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் சட்டம். அவரும் போட்டார். ஆனால் அந்த வரி அழகாக இருந்ததால் அடுத்தடுத்து எடுத்துக்காட்டியவர்கள் அடைப்புக்குறியை உதிர்த்துவிட்டார்கள். பாடப்புத்தகத்தில் ஏறியது. யார் யாரோ தங்கள் தகப்பனை நினைத்து அழுதார்கள்.

நேர்காணலில் அந்தக் கல்லின் படத்தை நீட்டி, வாசிங்கம்மா என்றார் பெரியவர். எல்லோருக்கும் தெரியும், அது கேள்வி இல்லை. வணக்கம் வைக்கச் சொல்வது. முன்னால் போனவர்கள் எல்லோரும் கடைசி வரி வரை உருக்கமாக வாசித்துவிட்டு வந்தார்கள். நம் பிரஷ் மேடம் உடைந்த இடம் வரை வாசித்தார். நிறுத்தினார்.

"மேல படிங்க."

"மேல ஒண்ணும் இல்லீங்க ஐயா. கல்லு உடைஞ்சிருக்கு."

"உடைஞ்ச இடத்துல நீங்க என்ன போடுவீங்க?"

"ஒண்ணும் போட மாட்டேன். நான் அதுக்குத் தாள் அச்சு எடுத்திருக்கேன். விரலை வெச்சுப் பார்த்தா ஒரு கீறல்கூடப் படலை."

அவ்வளவுதான். நேர்காணல் முடிந்தது.

அன்று மாலை பல்கலைக்கழக வாசலில் இருக்கும் தேநீர்க் கடையில் இதை எனக்குச் சொன்னார். "ஏம்மா, அந்த ஒரு வரியைப் படிச்சுட்டு வந்திருக்கக் கூடாதா? வேலையில சேர்ந்தப்புறம் மறுத்து ஒரு கட்டுரை எழுதியிருக்கலாமே" என்று நான் திட்டினேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "அண்ணே, அந்த எடத்துல என்ன இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? இந்தக் கல்லறையை யாராவது தோண்டினா இவ்வளவு அபராதம்னு இருந்திருக்கும். பாதிக் கல்லறையில அதான் எழுதியிருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார்.

அவருடைய கணவர் பல் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவர். இத்தனை காலமும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது பற்களால்தான். அன்றிரவு அவர் மனைவியிடம் கேட்டதை மறுநாள் அவரே என்னிடம் சொன்னார். "இல்லாத பல்லை நான் கட்டிக் கொடுக்கிறேன், எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுறாங்க. இல்லாத எழுத்து ஒண்ணே ஒண்ணு, அதை வெச்சா உனக்கு என்ன குறைஞ்சிடும்?" அதற்கு அந்த அம்மா சொன்ன பதில்: "நீங்க கட்டுறது கட்டின பல்லுன்னு போட்டுக்கிட்டவருக்குத் தெரியும். அந்த வரி அப்படியில்லை." அதன் பிறகு அந்த வீட்டில் இந்தப் பேச்சே எடுக்கப்படவில்லை.

எனக்குப் பின்னால் தொங்கும் பேனரைப் பாருங்கள். 'பேராசிரியர்' என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். பதிவாளர் அவர்களே, கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அன்போடு செய்ததுதான். ஆனால் உயிரோடு இருந்தவரை அந்தப் பட்டத்தை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் இங்கே உட்கார்ந்திருந்தால் எழுந்துபோய் அந்தச் சொல்லுக்கு இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டுவிட்டு வந்திருப்பார்.

இனி உங்களிடம் வருகிறேன், பழைய மாணவர்களே. உங்களில் ஒருவர் காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறீர்கள். ஒருவர் விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதிக்கிறீர்கள். மருந்து அட்டைகளில் வரும் எச்சரிக்கைகளை மொழிபெயர்க்கும் தங்கை அதோ கடைசி வரிசையில் நிற்கிறார். நீங்கள் எல்லோரும் ஒரு நாள் அவர் அறைக் கதவைத் தட்டி, மேடம், நான் இதிலேயே மேலே படிக்கட்டுமா என்று கேட்டவர்கள்தானே? அவர் என்ன சொன்னார்?

"வேண்டாம்பா. உனக்கு நல்லா வருது, அதுல சந்தேகமே இல்லை. ஆனா இதுல வேலை இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். இல்லாததை எப்படிச் சொல்றது?"

ஒவ்வொருவரிடமும் இதையே சொன்னார். வேறு எந்தத் துறையிலும் ஓர் ஆசிரியர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நம்பிக்கையாக நாலு வார்த்தை சொல்லி ஆளைச் சேர்த்துக்கொள்வதுதானே வழக்கம்? பழைய முதல்வர் ஒருவர் என்னிடமே குறைப்பட்டார், "உங்க துறையை மூட நாங்க வேற வரணுமா, அந்தம்மாவே ஒவ்வொருத்தரா வெளியே அனுப்பிக்கிட்டு இருக்காங்களே" என்று. அவர் சொன்னது பொய்யில்லை. அப்படி வெளியே அனுப்பப்பட்டதால்தான் உங்களுக்கு இன்று வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், மாதம் பிறந்தால் சம்பளம் இருக்கிறது. இந்த அரங்கம் நிறைந்திருக்கிறது. அவரால் பிழைத்துக்கொண்டவர்களால் நிறைந்திருக்கிறது. இத்தனை பேரில் ஒரு கல்லறைக் கல்லை எடுத்து வாசிக்கக் கூடியவர் ஒருவரும் இல்லை.

அவர் எடுத்த தாள் அச்சுகள் எங்கள் அறையில் பத்துப் பன்னிரண்டு அலமாரிகளில் இருக்கின்றன. அந்தக் கற்களில் பல இன்று எங்குமே இல்லை. அணை கட்டி மூழ்கியவை உண்டு, உடைத்து அடித்தளத்துக்குள் போட்டவை உண்டு. அந்த மகளின் கல்லும் தண்ணீருக்கு அடியில்தான். தாள்தான் மிச்சம். பதிவாளர் அவர்கள் சற்று முன் எழுந்து, அந்த அறைக்கு அவர் பெயரைச் சூட்டப்போகிறோம் என்று அறிவித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். அவர் அறிவிக்காமல் விட்டதை நான் சொல்கிறேன். அந்த அறை இனிமேல் மாணவர் சேர்க்கை உதவி மையம். வரும் திங்கள்கிழமைக்குள் அலமாரிகள் வெளியேற வேண்டும்.

நான் சும்மா இருக்கவில்லை. அருங்காட்சியகத்தில் கேட்டேன், இடமில்லை என்றார்கள். நூலகத்தில் கேட்டேன். "ஸ்கேன் பண்ணிட்டுப் பழைய பேப்பர்ல போட்டுடலாமே சார்" என்றார் அங்கிருந்தவர். தட்டையாக அழுத்திப் படமெடுத்தால் புடைப்பு போய்விடும், புடைப்பு போனால் எழுத்தே போய்விடும் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று மட்டும் வாங்கிக்கொள்ள முன்வந்தது. எது எந்தக் கல்லின் அச்சு என்று குறித்து அனுப்புங்கள் என்று கேட்டது. ஆசையோடு அலமாரியைத் திறந்தேன். பாதிக்கு மேல் தாள்களில் குறிப்பே இல்லை. ஐயம் இருக்கும்வரை அவர் எழுத மாட்டார். இன்னொரு முறை போய்க் கல்லைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று விட்டிருக்கிறார். இன்னொரு முறை போவதற்கு விடுப்பும் இல்லை, பயணப்படியும் இல்லை. பிறகு கல்லும் இல்லை. குறிப்பில்லாத தொகுப்பு வேண்டாம் என்று அந்தப் பல்கலைக்கழகமும் விலகிக்கொண்டது. எந்த நேர்மைக்காக அவரை நாம் இவ்வளவு நேரம் போற்றினோமோ, அந்த நேர்மைதான் அவருடைய உழைப்பை யாருக்கும் பயன்படாமல் செய்திருக்கிறது. இதை எந்த வார்த்தையில் அலங்கரித்துச் சொல்வேன்? அலங்கரிக்கத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட கூட்டத்தில் கடைசியாகப் பேசுகிறவன், அவர் விட்டுச்சென்ற பணியை நாம் தொடர்வோம் என்று முடிக்க வேண்டும். நீங்களும் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள். யார் தொடர்வது? நானா? அடுத்த ஆண்டு எனக்கு ஓய்வு. புத்தகத்தில் இருக்கும் லத்தீனைத்தான் படிப்பேன். கல்லைத் தடவிப் படிக்க எனக்குக் கை பழகவில்லை. நீங்களா? உங்களை அவரே அனுப்பிவிட்டார். திரும்பி வாருங்கள் என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. வந்தால் உட்கார நாற்காலி இல்லை. நாளைக்கு ஒருவர் பிறந்து வருவார் என்று சொல்லலாம். சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். நீங்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் அப்படி ஒருவர் வருவதற்கான அறிகுறி எதையும் நான் பார்க்கவில்லை. அதனால் சொல்ல மாட்டேன்.

நேற்று அவர் கணவர் என்னைத் தேடி வந்தார். "சார், பட்டறையில ஒரு பக்கத்தைக் காலி பண்ணிட்டேன். ஈரம் வராது, எலியும் வராது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா நான் இருக்கிற வரைக்கும் அங்க இருக்கட்டும்" என்றார். அவருக்கும் என் வயதுதான். அதற்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவருடைய அன்பர்களே, திங்கள்கிழமை காலை அறையைத் திறந்து வைத்திருப்பேன். லிஃப்ட் வேலை செய்யாது, மூன்று மாடி இறக்க வேண்டும். தாளை மடிக்காதீர்கள், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காதீர்கள், தட்டில் வைத்ததுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்குங்கள். வாசிக்க நம்மில் ஆளில்லை. தூக்குவதற்காவது வந்துவிடுங்கள்.