இருபத்திரண்டு பெட்டிகளுக்குப் பிசைந்த மாவு

சர்க்கரையை மாவாக அரைத்துத்தான் போட வேண்டும், டாக்டரம்மா. சொரசொரப்பாக இருந்தால் தேனீ அதைத் தின்னாது, வாசலுக்கு வெளியே தள்ளிவிடும். நாலு பங்கு சர்க்கரை மாவுக்கு ஒரு பங்கு தேன், வெதுவெதுப்பாக ஊற்றிப் பிசைய வேண்டும். கையில் ஒட்டாத பதம் வந்ததும் உருட்டித் தட்டி, பெட்டிக்குள் தேனீக் கூட்டத்தின் தலைக்கு மேல் வைக்க வேண்டும். மார்ச் தொடக்கத்தில், பனி இன்னும் நிழலில் கிடக்கும்போதே இதைச் செய்துவிட்டால் ராணி தைரியமாக முட்டையிடத் தொடங்கும். அறுபத்தாறு வயதில் மாவு பிசைவது லேசான வேலையில்லை. எனக்கு இரண்டு நாள் தோள் வலித்தது.

அந்த மாவில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். களைப்பாக இருக்கிறது, அவசரப்படுத்தாதீர்கள்.

காஷ்பெர் என் பக்கத்து வீட்டுக்காரன். லூப்லியானா நகரத்தில் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு, ஐந்து வருடத்துக்கு முன் மனைவி நேஷாவோடு எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தான். இருபத்திரண்டு பெட்டிகள், வேறு பிழைப்பு கிடையாது. பெட்டிகளின் முகப்புப் பலகைகளில் நேஷா படம் வரைவாள். ஒரு பலகையில் நான் நாற்காலியில் குறட்டை விட, என் மீசைக்குள் தேனீக்கள் குடியிருந்தன. ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன்.

பிப்ரவரியில் காஷ்பெர் கூரைப் பனியைத் தள்ளும்போது வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டான். நேஷாவுக்கு ஒரு கொட்டு பட்டாலும் முகம் வீங்கிவிடும், பெட்டிப் பக்கமே போகமாட்டாள். அதனால் என்னைக் கூப்பிட்டான்.

"மத்தியா மாமா, ஒரு மாசம் என் புள்ளைங்களப் பாத்துக்குங்க. உங்க கையால ஊட்டுனா போதும், நான் நிம்மதியா கண்ணை மூடிக்குவேன்."

"கண்ணை மூடாதடா, நேஷா வேற நல்லவனாப் பாத்துருவா."

"பாத்தா பாக்கட்டும். தேனீ உங்ககிட்ட, அவ அவன்கிட்ட. நான் படுத்துத் தூங்குறேன்."

அதற்கு முந்தைய ஆகஸ்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் பதினான்கு பெட்டிகளில் மூன்றாவதைத் திறந்தபோது அடையின் மூடிகள் குழிவிழுந்து கிடந்தன. தீக்குச்சியை விட்டு இழுத்தேன். காப்பி நிறத்தில் நூல் ஒரு விரல் நீளம் வந்தது, தச்சுப் பசை நாற்றம். புழு அழுகல் நோய். அன்றைக்கே அரசுக் கால்நடை டாக்டரான உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் சட்டம். நான் யாரிடமும் சொல்லாமல் அந்தக் கூட்டத்துக்குக் கந்தகப் புகை போட்டு முடித்துவிட்டு, பெட்டியை எரித்தேன். தேனை மட்டும் வாளியில் எடுத்துவைத்தேன். அதில் நோய்க்கிருமி இருக்கும், ஆனால் மனிதன் தின்றால் ஒன்றும் செய்யாது, எறிய மனம் வரவில்லை. செப்டம்பரில் இன்னும் இரண்டு பெட்டிகளில் அதே நூல் வந்தது. அவற்றையும் எரித்தால் ஊர் கேள்வி கேட்கும் என்று விட்டுவைத்தேன். வசந்தத்தில் நீங்கள் சோதனைக்கு வருவீர்கள், எல்லாம் வெளியே வந்துவிடும் என்று தெரிந்துபோயிற்று. குளிர்காலம் முழுவதும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

எங்கள் தேனீ வளர்ப்போர் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடமாக நான்தான் தலைவன். பதினொரு வருடத்துக்கு முன் ஓட்மார் என்பவனுக்கு இந்த நோய் வந்தது. சங்கக் கூட்டத்தில் எழுந்து, "ஓட்மார் பெட்டிய ஒழுங்கா வெச்சிருந்தா நமக்கு இந்தத் தலைவலி வந்திருக்குமா?" என்று கேட்டவன் நான்தான். அதன் பிறகு தேவாலயத்தில் அவன் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. இரண்டு வருடம் பார்த்துவிட்டு வீட்டை விற்றுக்கொண்டு போனான். மாடு செத்தது என்று சொல்கிற எங்கள் ஆட்கள், தேனீயை மட்டும் மனிதரைப் போல இறந்தது என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் நோயைக் கொண்டுவந்தவன் கதி என்ன என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது.

நிதானமாகத்தான் யோசித்தேன். நோய் வந்தாயிற்று. யார் வாசலில் முதலில் தெரியப்போகிறது என்பதுதான் பாக்கி. காஷ்பெர் போன கோடையில் வெளியூரிலிருந்து நாலு கூட்டம் வாங்கியிருந்தான். புதியவன், விவரம் தெரியாமல் வாங்கிவிட்டான் என்று ஊர் நாலு நாள் திட்டிவிட்டு விட்டுவிடும். வயதும் இருக்கிறது, மறுபடி தொடங்கலாம். அவனுக்குப் போவது தேனீ, எனக்குப் போவது பெயர். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, டாக்டரம்மா.

வாளியிலிருந்த தேனைத்தான் போட்டுப் பிசைந்தேன்.

வளர்ந்த தேனீயை அது ஒன்றும் செய்யாது என்று உங்களுக்குத் தெரியும். ஆகஸ்டில் கொடுத்திருந்தால் அடையில் சேமித்து வைத்திருக்கும். மார்ச்சில் அப்படியில்லை, கிடைப்பதையெல்லாம் புழுக்களுக்குத்தான் ஊட்டும். அதனால்தான் மார்ச்வரை காத்திருந்தேன். இருபத்திரண்டு பெட்டிக்கும் நானே வைத்தேன், சூடு போகாமல் மேலே கம்பளித் துணி போர்த்தினேன். ஒன்பதாவது பெட்டியில் கூட்டம் மெலிந்து, பசியோடு கிடந்தது. பார்க்கப் பாவமாக இருந்ததால் அதற்கு மட்டும் இரண்டாக வைத்தேன்.

ஏப்ரலில் சோதனைக்கு வந்தபோது யார் வீட்டிலிருந்து தொடங்கலாம் என்று என்னிடம் கேட்டீர்கள். காஷ்பெர் வீட்டைக் காட்டினேன், நினைவிருக்கும். அவன் இருபத்திரண்டும் போயின, என்னுடையதில் இரண்டுதான். பாதியாவது தப்பும் என்று நினைத்திருந்தேன், அது என் கணக்குத் தப்பு. சாயங்காலம் தேனீக்கள் எல்லாம் திரும்பியபின் வாசல்களை அடைத்துப் புகை போட்டோம். பெட்டிகளோடு பலகைகளும் எரிக்கும் குழிக்குள் போயின. என் படம் இருந்த பலகையைக் காட்டி, "மாமா, இத ஒண்ண மட்டும் எடுத்துக்கட்டுமா?" என்று நேஷா கேட்டாள். சட்டம் இடம் கொடுக்காது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

மாவு பிசைந்த அன்று அவளுக்கு ருசி பார்க்க ஒரு உருண்டை கொடுத்திருந்தேன், அதை அவள் தின்றிருப்பாள் என்று நினைத்தேன். ஃபிரிட்ஜில் வைத்திருந்து உங்களிடம் கொடுத்திருக்கிறாள், நீங்களும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டீர்கள். மாட்டிக்கொண்டதால் பேசுகிறேன் என்று எழுதாதீர்கள். கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். என் இரண்டு பெட்டிகளை எரித்த அன்று காஷ்பெர் ஊன்றுகோலோடு சேற்றில் நடந்து வந்தான். குழி வெட்ட முடியாது, சும்மா பக்கத்தில் நிற்க வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, நான் வெளியூர்ல வாங்கியாந்த சனியன் உங்க பெட்டியையும் புடிச்சிருச்சே. என்னை மன்னிச்சிருங்க மாமா," என்று சின்னப் பிள்ளைபோல அழுதான்.

"விடுடா, இது யாருக்கு வேணாலும் வரும்," என்று தோளில் தட்டிக்கொடுத்தேன்.

அன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியவன் நான் ஒருவன்தான். அவனை மனதார மன்னித்தேன், டாக்டரம்மா. இன்றைக்கும் அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.