ஏழாவது பாட்டைப் பற்றி டெல்மர் ரஸ்க் சொன்னது

மேடையில் அமர்ந்திருக்கும் பாதிரியார் லோவெல் அவர்களே, எங்கள் வானொலி நிலையத்தின் உரிமையாளர் கார்லண்ட் ஸ்பைட் அவர்களே, தன்னார்வத் தீயணைப்புப் படைத் தோழர்களே, முன்வரிசையில் கைக்குட்டையைக்கூட எடுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் டெல்மரின் மனைவி ஓபல் ரஸ்க் அம்மையாரே, நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர்களே, நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரம் நின்றுகொண்டிருப்பவர்களே! டெல்மருக்கு விடைகொடுக்க வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் நாடின் கோல்டர். பத்தொன்பது ஆண்டுகளாக டெல்மர் ரஸ்க் வானொலியில் பேசும்போது ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தவள். என் முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். "லைன்லயே இருங்க" என்று உங்களில் பாதிப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அதோ கதவருகே தொப்பியைக் கழற்றாமல் நிற்கிறார் ராய்ஸ் டேக்கஸ். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் தானியச் சேமிப்புக் கோபுரத்துத் தீயில் இறந்த ஏம்ஸின் தம்பி. இன்று காலை பெட்ரோல் பங்கில் என்னைப் பார்த்தார். "அந்த ஆள யாராவது வீரன்னு சொன்னீங்க, நான் பாட்டுக்கு வெளிய போயிடுவேன், நாடின்" என்றார்.

ராய்ஸ், அந்தச் சொல்லை நான் சொல்லப்போவதில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

நண்பர்களே, இருபத்திரண்டு ஆண்டுகள், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இந்த ஆட்லி ஊரில் எந்தக் குரல் கேட்டது? டெல்மரின் குரல். டிராக்டரில் கேட்டது, முடிதிருத்தும் கடையில் கேட்டது, மாட்டுக்கொட்டகையில் கேட்டது. புதிதாக வந்த ஒரு கண்ட்ரி இசை ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை போடுவார். அடுத்த சனிக்கிழமை, அதைப் பற்றி நீங்கள் சொன்னதை வாசிப்பார். ஒரே ஒரு விதி. பெயரும் ஊரும் இருக்க வேண்டும். இருந்தால், ஒரு சொல்லையும் வெட்டமாட்டார்.

எத்தனை கருத்துகள்! "மூணாவது பாட்டுக்கப்புறம் ஸ்டீல் கிட்டார் எங்க போச்சு, யாராவது கடத்திட்டாங்களா" என்று ஒருவர். "ரெண்டாவது பாட்டுக்கு என் மாடெல்லாம் வேலிகிட்ட வந்துச்சு, நாலாவது பாட்டுக்குத் திரும்பிப் போயிடுச்சு, நானும் அதுங்க கட்சிதான்" என்று இன்னொருவர். நம் கார்லண்ட் அவர்களின் மைத்துனர் ஒருமுறை ஆல்பம் போட்டார், நினைவிருக்கிறதா? அந்தக் குரல் எண்ணெய் போடாத கேட்டு மாதிரி இருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது. அதை மட்டும் விட்டுவிடலாமே என்றார் கார்லண்ட். டெல்மர் வாசித்தார். எழுதியவர் பெயரையும் வாசித்தார். எழுதியது கார்லண்டின் மனைவி.

தன் கருத்தை மட்டும் அவர் சொன்னதே இல்லை. யாராவது கேட்டால், "நான் தபால்காரன்" என்பார். "தபால்காரன் கடுதாசி எழுதக் கூடாது."

இரண்டு ஆண்டுகளுக்கு முன், வசந்தத்தில், லேசி ஹோல்கமின் 'கோதுமைத் தூசி' வந்தது. நம் ஊர்ப் பெண். தீயில் தந்தை டிராயை இழந்தபோது அவளுக்கு நான்கு வயது. பன்னிரண்டு வயதில் அவள் பாடியதை முதன்முதலில் ஒலிபரப்பியவர் டெல்மர். அப்படிப்பட்ட பெண்ணின் ஆல்பம் நம் ஓக்லஹோமா மாநிலம் முழுவதும் ஒலித்தால் நாம் எப்படி இருப்போம்? தலைகால் புரியாமல்தான் இருந்தோம்.

அதில் ஏழாவது பாட்டு அந்தத் தீயைப் பற்றியது. பொறி பட்டாலே வெடிக்கும் தானியத் தூசி நிறைந்த கோபுரத்துக்குள் வெண்டல் ப்ரூயிட் சிகரெட் பற்றவைத்தான், மூன்று பேர் எரிந்தார்கள், அதில் ஒருவர் என் அப்பா என்று பாடியிருந்தாள். வெண்டல் என்று பெயர் சொல்லியே பாடியிருந்தாள்.

இது லேசி கட்டிய கதையா? இல்லை. விசாரணை அறிக்கை, காரணம் தெரியவில்லை என்றது. நமக்கோ ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதே தீயில் இறந்த வெண்டலின் சட்டைப் பையில் ஒரு லைட்டர் கிடைத்தது. போதாதா நமக்கு? இருபத்து நான்கு ஆண்டுகள் அதையே சொன்னோம். அந்தப் பெண் நம் வாயிலிருந்து கேட்டதைத்தான் பாடினாள்.

அடுத்த சனிக்கிழமைக்குள் நூற்றுப் பன்னிரண்டு கருத்துகள் வந்தன. பிடில் பிரமாதம் என்றார்கள், டிரம்ஸ் கொஞ்சம் அதிகம் என்றார்கள், ஏழாவது பாட்டைக் கேட்டு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன் என்றார்கள். வெண்டலைப் பற்றியும் எழுதினார்கள். அவற்றை இங்கே திருப்பிச் சொல்லமாட்டேன். எழுதியவர்களுக்குத் தெரியும். டெல்மர் எல்லாவற்றையும் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது. ஒலியை நான் ஏற்றிக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வெண்டலின் மனைவி மார்வாவிடமிருந்து கடிதம் வந்தது. நான்தான் பிரித்தேன். ஐந்தே வரி. "ஆறு பாட்டு எனக்குப் பிடித்திருந்தது. ஏழாவது பாட்டில் வருபவர் என் கணவர். எங்கள் மகள் பிறந்த அன்றே அவர் சிகரெட்டை விட்டுவிட்டார். பாராட்டி எழுதியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு எப்படித் தெரியும்? மார்வா ப்ரூயிட், ஆட்லி."

டெல்மரிடம் கொடுத்தேன். படித்தார். மடித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அதை வாசிக்கவில்லை. இருபது ஆண்டுகளில் ஒரு கடிதத்தைக்கூட ஒதுக்காத மனிதர்! அடுத்த வாரமும் வாசிக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒலிவாங்கி முன்னால் அதை எடுத்து விரித்தார். திரும்ப மடித்து வைத்துவிட்டார். அந்த வாரம் மார்வாவின் தபால்பெட்டியில் யாரோ எரிந்த தீக்குச்சிகளைப் போட்டிருந்தார்கள். ஊருக்கே தெரியும். டெல்மருக்கும் தெரியும். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நான்காவது சனிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மார்வாவின் கடிதத்தை வாசித்தார். தாமதத்துக்கு நான்தான் காரணம், மன்னியுங்கள் என்றார். அதன் பிறகு அவர் பேசியதை, ஒலிப்பதிவை வைத்து அப்படியே எழுதி வந்திருக்கிறேன். கேளுங்கள்.

"ஏழாவது பாட்டப் பத்தி இன்னும் ஒருத்தர் கருத்து பாக்கி இருக்கு. பேரு டெல்மர் ரஸ்க். ஊரு ஆட்லி. பாட்டு நல்லா இருக்கு. அதுல சொன்னதுக்கு ஆதாரம் கிடையாது. அப்ப நான் அந்தக் கோபுரத்துல வேலை பாத்தேன். உச்சியில பெல்ட்டச் சுத்த வைக்கற பேரிங்க தினமும் ஏறித் தொட்டுப் பாக்க வேண்டியது என் வேலை. முந்தின நாளே அது சூடா இருந்துச்சு, ரொம்பச் சூடானா தூசி பத்திக்கும். தீப்பிடிச்ச அன்னிக்கு வாசல்ல தானியம் இறக்க நாப்பது லாரி நின்னுச்சு. நான் ஏறல. பாத்தாச்சுன்னு நோட்டுல டிக் போட்டேன். அந்த நோட்டும் எரிஞ்சுபோச்சு. வெண்டல் வச்சிருந்த லைட்டர் நைலான் கயித்து நுனி பிரியாம பொசுக்கறதுக்கு. எனக்குத் தெரியும், வாங்கிக் கொடுத்ததே நான்தான். தீ எதுல பிடிச்சுதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா வெண்டல்தான்னு நீங்க பேசினப்பல்லாம் நான் பக்கத்துல நின்னுகிட்டு இருந்தேன். வாயத் திறக்கல. அவ்வளவுதான்."

அதன் பிறகு அவர் பாட்டு எதுவும் போடவில்லை. நானும் போடவில்லை. ஆட்லியில் அன்று ஒரு நிமிடத்துக்கு மேல் வானொலி மௌனமாக இருந்தது. பிறகு எட்டுத் தொலைபேசி இணைப்புகளும் ஒன்றாக அடித்தன.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஷெரிப் வந்து வாக்குமூலம் வாங்கினார். நோட்டு இல்லாத வழக்கு அங்கேயே நின்றது. உணவகத்தில் டெல்மர் உட்கார்ந்தால் பக்கத்து மேசை காலியானது. தேவாலயத்தில் அவரும் ஓபலும் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. பாதிரியார் அவர்களே, நீங்கள் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? கார்லண்ட் அவர்கள் அவரை ஒலிவாங்கியிலிருந்து எடுத்தார். நான் குறை சொல்லவில்லை.

எடுத்த பிறகும் அவர் வந்தார்! ஆறு சனிக்கிழமைகள், என் நாற்காலியில் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தார். தன்னைத் திட்டியவர்கள் சொன்னதைச் சொன்னபடி, எழுத்து எழுத்தாக எழுதி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த என்னிடம் நீட்டினார். நான் வாசித்தேன். ராய்ஸ், ஆறு வாரமும் நீங்கள் அழைத்தீர்கள். முதல் வாரம், "உன் குரலக் கேட்டாலே எனக்குப் புகை நாத்தம் வருது" என்றீர்கள். எழுதி முடித்துவிட்டு அவர் உங்களிடம் கேட்டார், "வேற ஏதாவது சேக்கணுமா, ராய்ஸ்?" நீங்கள் தொலைபேசியை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. நான் பார்த்தேன். ஏழாவது வாரம் கார்லண்ட் அவர்கள் உள்ளே வந்து, டெல்மரைப் பார்த்து, "எழுந்திருங்க, உங்க நாற்காலி அங்க இருக்கு" என்றார்.

அதற்கு முன்பே, டெல்மர் பேசிய மூன்றாம் நாள், டல்சா நகரத்திலிருந்து லேசி தனியாக வண்டி ஓட்டி நிலையத்துக்கு வந்திருந்தாள். கதவைச் சாத்தவில்லை, நான் எழுந்து போகவும் இல்லை.

"எங்க வீட்டுக்கு எத்தன தடவ வந்திருக்கீங்க, மிஸ்டர் ரஸ்க்?"

"ஒவ்வொரு ஈஸ்டருக்கும்."

"அப்பல்லாம் சொல்லணும்னு தோணலியா?"

"தோணுச்சு."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவர் மெதுவாகச் சொன்னார், வெண்டல் பெயர் வரும் இடத்தில் என் பெயரைப் போட்டுப் பாடு, மெட்டுக்கும் சரியாக உட்காரும் என்று. "மெட்ட நீங்க பாக்க வேண்டாம்" என்றாள். "தப்பான ஆள வெறுத்தே வளந்துட்டேன். இப்ப உங்கள வெறுக்கணும்னா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். மன்னிப்பு என்ற சொல்லை அவளும் எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

நேராக மார்வாவின் வீட்டுக்குப் போனாள். அங்கே மார்வா என்ன சொன்னார் என்பதை லேசி எனக்குச் சொன்னாள். இங்கே சொல்லலாமா என்று மார்வாவிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். "பாட்ட விட்டுடாத. எங்க வீட்டுக்காரர் பேர எடு. அந்த எடத்துல டெல்மர் பேர வைக்காத. ஓபல் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல."

இப்போது அந்தப் பாட்டில் யார் பெயரும் இல்லை. இலையுதிர்காலக் கண்காட்சியில் லேசி அப்படித்தான் பாடினாள். மார்வா நான்காவது வரிசையில் இருந்தார். கைதட்டவில்லை. எழுந்தும் போகவில்லை. டெல்மர் பின்னால், வேலிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு மார்வாவும் அவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. போன வியாழக்கிழமை அவர் இதயம் நின்றுபோகும் வரை பேசிக்கொள்ளவில்லை.

நண்பர்களே, இப்படிப்பட்ட மனிதரை என்னவென்று சொல்வது? இருபத்து நான்கு ஆண்டுகள் வாய் மூடியிருந்தவர் கோழைதான். அதை அவரே என்னிடம் சொன்னார். வாய் மூடியபடியே செத்திருந்தால் இந்த மண்டபம் இன்று நிரம்பி வழிந்திருக்கும். யாரும் சுவரோரம் நின்றிருக்க மாட்டார்கள். அது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் பேசினார். ஒரு பெண்ணின் ஐந்து வரியை வாசிக்க, தன் நல்ல பெயர் முழுவதையும் கீழே வைத்தார். நான் கண்ணால் கண்டது இவ்வளவு. இதற்குப் பெயர் வைப்பதை உங்களிடம் விடுகிறேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்.

அந்த நூற்றுப் பன்னிரண்டு கருத்துகளில் ஒன்று, "நல்லவேளை, ஒருத்தியாவது அவன் பேரச் சொன்னாளே" என்றது. டெல்மர் அதையும் வாசித்தார். பெயரோடுதான் வாசித்தார். நாடின் கோல்டர், ஆட்லி.

மார்வா ப்ரூயிட் அவர்களே, நீங்கள் இங்கே இருக்கிறீர்களா என்று இந்த விளக்கு வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது. எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். தேவாலயச் சமையலறையில் சொன்னேன், கடைவாசலில் சொன்னேன், உங்கள் மகள் காது கேட்கவும் சொன்னேன். நான் சொன்னது பொய். இரண்டு ஆண்டுகளாக இதைச் சொல்லாமல் தொலைபேசி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

நிகழ்ச்சி நிற்காது. வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த நாற்காலியில் நான் உட்காருவேன். டெல்மரைப் பற்றி நாற்பத்தோரு கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் புகழ்கின்றன. மீதி புகழவில்லை. எதை வாசிக்கட்டும் என்று நேற்று ஓபலைக் கேட்டேன். "எல்லாத்தையும் படி, நாடின். நான் ரேடியோ பக்கத்துலதான் உக்காந்திருப்பேன்" என்றார்.

எல்லாவற்றையும் வாசிப்பேன். வாசித்து முடித்ததும் எட்டு இணைப்புகளும் திறந்திருக்கும். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது உங்களில் யாரிடமாவது இருந்தால் கூப்பிடுங்கள். பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். நானே எழுதி, நானே வாசிப்பேன்.