மாவுக் குண்டான் மேல் ஒரு லேப்டாப்

கும்பகோணத்திலிருந்து நன்னிலம் போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

"பூனை தள்ளாம இருக்க மாவுக் குண்டான் மேல பாரமா வச்சிருந்தேனே ஒரு லேப்டாப், அது பொழச்சிருச்சுக்கா."

"பிளஸ் டூல இலவசமா குடுத்ததா? அதை ஆன் பண்ணிட்டு டீ போட்டுக் குடிச்சிட்டு வரலாமே."

"அதேதான். உள்ள இருந்த விண்டோஸை அழிச்சிட்டு, பென்டிரைவ்லேர்ந்து லினக்ஸ் போட்டேன். பழைய லேப்டாப்புக்குன்னே அதுல லேசா ஒண்ணு இருக்கு. இப்ப சட்டுன்னு எந்திரிக்குது."

"ஒன் வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலியா?"

"காஞ்ச பயிருக்கு உரம் போடுறியான்னு சிரிச்சாரு. இன்னிக்குக் காலையில அவருக்கு ஆபீஸ் மீட்டிங். வீட்டுலேர்ந்துதானே வேலை. புது லேப்டாப்பு அப்டேட்டுன்னு சுத்திக்கிட்டே நின்னுடுச்சு. என்கிட்டதான் வந்தாரு."

"குடுத்தியா?"

"குடுத்தேன். முழு மீட்டிங்கும் அதுலதான் பேசுனாரு. ஒரு தடவகூட நிக்கல."



"அப்ப குண்டான் மேல இப்ப என்னத்த வச்சிருக்க?"

"அவரோடதைத்தான். அப்டேட் முடியுற வரைக்கும் சும்மாத்தானே கெடக்கு."